ஊளையடக்கியும் தொடாமல் பாடும் பெட்டியும்

ஒலிபெருக்கி மெக்கானிக்குக்குத் தெருவில் பட்டப்பெயர் ஊளையடக்கி. மைக் இருக்கும் இடத்தில் ஊளை இருக்கும். ஊளை இருக்கும் இடத்துக்கு அவரைக் கூப்பிடுவார்கள். பேச வந்தவர் தொண்டையைச் செருமும் முன்பே ஸ்பீக்கர் 'ஊய்ங்' என்று அலறினால், கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு அவரைத்தான் தேடும். மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் குமிழை மயிரிழை திருப்புவார். அடங்கிவிடும். அதற்குப் பிறகு மேடையில் பேசியது, பாடியது எதையும் அவர் காதில் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஊளை வருகிறதா என்று மட்டும்தான் கேட்பார். கச்சேரி முடிந்து வந்தவரிடம் "பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று மனைவி கேட்டால், "சுத்தமா இருந்துச்சு, ஒரு ஊளை இல்ல" என்பார். கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் இதற்குச் சிரித்தார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்.

இருவருக்கும் சேர்த்து ஒரே அறைதான் கடை. வாசல் பக்கம் அம்மாளின் தையல் மெஷின், உள்பக்கம் இவருடைய மேஜை, நடுவில் ஒரு திரை. அந்தத் திரை யாருடைய குப்பையை மறைக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

ஒரு நாள் அவர் ஸ்பீக்கர் கட்டப் போயிருந்த நேரத்தில், ஒரு நர்ஸ் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று பஸ்ஸுக்கு ஓடினாள். பெட்டியின் வலப்பக்கம் ஒரு கம்பி விறைப்பாக நின்றது. இடப்பக்கம் இன்னொரு கம்பி காதுபோல வளைந்திருந்தது.

"சத்தம் கரகரன்னு வருதாம், பாத்து வைக்கச் சொன்னாங்க" என்றார் மனைவி.

"இது என்ன பெட்டி?"

"பேர் சொன்னாங்க. என் வாயில நுழையல."

கரகரப்பு ஒன்றும் பெரிய வியாதி இல்லை. உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது, பற்றவைத்தார், தீர்ந்தது. மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். அவ்வளவுதான், பெட்டி ஊளையிட்டது. கையை அருகே கொண்டுபோனால் வீல் என்று ஏறியது, இழுத்துக்கொண்டால் இறங்கியது. இத்தனை வருஷம் ஊர் மேடைகளில் விரட்டி விரட்டி அடித்த எதிரி, தன் கடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு பழிப்புக் காட்டியதாக அவருக்குத் தோன்றியது. விடுவாரா? கம்பிதான் ஊளையைப் பிடித்துத் தருகிறது என்று கண்டுபிடித்து, பெட்டிக்குள் தகரம் அடித்து, கம்பியைத் தகரத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். உள்ளே இருந்த திருகு ஒன்றையும் இஷ்டத்துக்கு முறுக்கிவைத்தார். பெட்டி வாயில்லாப் பூச்சியாகிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

நர்ஸ் வந்தாள். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டாள். அதற்கு முன்னால் நின்று, எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கினாள். இந்தப் பெண் என்ன பெட்டியைக் கும்பிடப் போகிறாளா என்று அவர் பார்த்தார்.

"அண்ணா, சத்தமே வரலையே."

"வராதும்மா. சுத்தமா அடக்கிட்டேன். அது விட்ட ஊளை இருக்கே, தெருவே நடுங்கிடுச்சு."

நர்ஸ் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்த ஊளைதாண்ணா பாட்டு."

பிறகு அவளே எல்லாம் சொன்னாள். அதன் பெயர் தெரமின். தொடாமல் வாசிக்கிற வாத்தியம். நேர்க்கம்பியை நோக்கிக் கை போனால் சுதி ஏறும். வளைந்த கம்பியை நோக்கிப் போனால் சத்தம் குறையும். பழைய சாமான் கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டதாம்.

"எங்கம்மா துணி மடிக்கிறப்ப வாயை மூடிக்கிட்டு ஒரு மெட்டு முணுமுணுப்பாங்க. வார்த்தை கிடையாது. தம்பி கைக்குழந்தையா இருக்கறப்பவே போய்ட்டாங்க. அவனுக்கு அம்மா குரலே தெரியாது. நான் பாடிக் காட்டினா என் குரல்தான் வருது. இந்தப் பெட்டியிலதாண்ணா அம்மா வர்றாங்க. ஞாயித்துக்கிழமை அவன் கல்யாணம். அன்னைக்கு வாசிக்கணும்னுதான் இத்தனை நாள் பழகினேன்."

ஊளையடக்கி தொழிலில் தோற்றிருக்கிறார், ஷாக் அடித்து விழுந்திருக்கிறார். ஆனால் ஒரு தாயின் வாயைத் தகரம் அடித்து மூடியது இதுவே முதல் தடவை. திரைக்கு அப்பால் தையல் மெஷின் நின்றது.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்றார் மனைவி. "அடக்கத் தெரிஞ்சவருக்குப் பாட வைக்கத் தெரியாமப் போயிடுமா?" நர்ஸ் போனதும் கணவர் பக்கம் திரும்பினார். "தெரியும்ல?"

தகரத்தைப் பிடுங்கினார், கம்பியை விடுவித்தார். பெட்டிக்குக் குரல் வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆள் பக்கத்தில் இல்லாதபோது அது ஊமையாக இருக்க வேண்டும், கை வந்தால்தான் பாட வேண்டும். இதுவோ காலி அறையிலும் ஓயாமல் அழுதது. எல்லாம் அந்தத் திருகின் வேலை. அதை ஒரு பக்கம் திருப்பினால் ஓர் ஊளை, மறுபக்கம் திருப்பினால் இன்னோர் ஊளை. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு மௌனம். அந்த இடத்தைப் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. பிடித்தார். நிம்மதியாக நிமிர்ந்து நாலடி தள்ளி வந்தார். பெட்டி மறுபடி அழுதது.

"நீங்க கிட்டப் போனா அடங்குது, தள்ளி வந்தா அழுவுது. நம்ம சின்னவ தொட்டில்ல கிடந்தப்ப இப்படித்தான்" என்றார் மனைவி.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவருக்குப் பொறிதட்டியது. குனிந்து திருகும்போது தன் உடம்பையும் சேர்த்தே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தள்ளி நின்று திருக வேண்டும், கையில் இரும்பும் இருக்கக் கூடாது. திரையை விலக்கினார். மனைவியின் நீளமான மர ஸ்கேல் கண்ணில் பட்டது.

"அதைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, தானே அதை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கேலின் நுனியைத் திருப்புளி போலச் சீவினார். கையை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே திருகைத் தேடினார். ஊளை இறங்கியது, இன்னும் இறங்கியது, உறுமலாகி, துடிப்பாகி, நின்றது. பின்வாங்கினார். பெட்டி மௌனமாகவே இருந்தது. மனைவி மெதுவாக எழுந்து அதனிடம் நடந்து போனார். அவர் நெருங்க நெருங்க, அடித்தொண்டையில் ஒரு பெண் முனகுவதுபோல் அது பாட ஆரம்பித்தது. அந்த அம்மாள் முன்னே போனார், பின்னே வந்தார், கையை வீசினார், இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். எல்லாவற்றுக்கும் பெட்டி பாடியது. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் மைக் செட்டையும் அவரே கட்டினார், கூலி பேசாமல். பெட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டார். நர்ஸைத் தவிர யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சுதி போய்விடும் என்று குழந்தைகளிலிருந்து சமையல்காரர் வரைக்கும் மிரட்டிவைத்தார்.

நர்ஸ் கைகளைத் தூக்கினாள். ஸ்பீக்கரிலிருந்து ஊளை மெல்ல எழுந்தது. பழக்கதோஷம், அவர் கை தானாகவே குமிழுக்குப் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடவில்லை. வேறு வேலை இல்லாததால் அவர் பாட்டைக் கேட்டார். யாரோ ஒரு பெண் உலர்ந்த துணியை உதறி மடித்தபடி, யாருக்காகவும் இல்லாமல் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு அக்கா முன்னமே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். நேராக நடந்து வந்து, குனிந்து பார்க்காமலே சாக்பீஸ் கோட்டைத் தாண்டினான். மெக்கானிக் தடுக்க எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பையன் நெருங்க நெருங்கச் சுதி மேலே மேலே ஏறியது. நர்ஸ் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தன் கையை மட்டும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து அவனுக்கு இடம் விட்டாள். மெட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. முடியும்வரை அவன் அங்கேயே நின்றான்.

வீடு திரும்பும்போது, ஒயர்ச் சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்த மனைவி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்டார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

அவர் தோளிலிருந்த ஸ்பீக்கரை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தப் பையன் கிட்ட வந்தப்ப ஒரு ஊளை ஏறுச்சு பாரு" என்றார். "அந்த இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு."