அப்பா அடிக்கச் சொன்ன வரி

என் அப்பா அரசாங்கத் தணிக்கைத் துறையில் தலை நரைக்கும்வரை இருந்தவர். அடுத்தவர் கணக்கில் ஒரு ரசீது குறைந்தால் போதும், அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். சொந்த வீட்டு விஷயம் என்று வந்தபோது அந்த மூக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் வீடு. அப்பா சம்பாதித்துக் கட்டியது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அந்தப் பக்கத்து வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பழக்கூடையோடு வந்து அம்மாவிடம் 'மாமி, மாமி' என்று குழைவான். அண்ணாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீடு தன் பேரில் இருந்தால் பேசி முடிக்க வசதி என்று அப்பாவின் காதில் ஓத ஆரம்பித்தான்.

ஆழ்வார்பேட்டையில் இருந்த வக்கீல் மாமா அப்பாவின் பள்ளிக்கூடத்து சிநேகிதர். "உயிலா எழுதுடா. மனசு மாறினா மாத்திக்கலாம்," என்றார். உயில் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாவுப் பேச்சா? அதனால் செட்டில்மென்ட் பத்திரம் என்று முடிவாயிற்று. பதிவு செய்த நிமிஷமே வீடு பிள்ளைக்குப் போய்விடும், திரும்ப வாங்க முடியாது. ராகுகாலம் பார்த்தவர், எமகண்டம் பார்த்தவர், இதை மட்டும் பார்க்கவில்லை.

வக்கீல் மாமா பத்திரத்தின் வரைவைப் படித்துக்காட்டிய அன்று அப்பா, அம்மா, அண்ணா, நான் எல்லோரும் அவர் அறையில் இருந்தோம். நடுவில் ஒரு வரி வந்தது. பெற்றோர் இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும், வாடகை வந்தால் அதை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்பது அந்த வரி. அப்பா கையை உயர்த்தினார்.

"அந்த வரியை அடிச்சுடு."

"உங்க ரெண்டு பேருக்கும் அதுதான்டா பாதுகாப்பு. எல்லாரும் போடறதுதான்."

"பெத்த பிள்ளைக்குக் குடுக்கறதுல கண்டிஷனா? நாளைக்கு யாராவது படிச்சா, அப்பன் பிள்ளையை நம்பலேன்னுதானே நினைப்பா?"

நான் அண்ணாவைப் பார்த்தேன். 'இருக்கட்டும்ப்பா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எனக்கு ஆட்சேபணை இல்லை என்று என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"அந்த வரி இருந்தா போடறேன். எனக்குப் பங்கு வேண்டாம். அம்மாவுக்கு இருக்க இடம் வேணும்," என்றேன்.

"உன் கையெழுத்து சட்டத்துக்குத் தேவையில்லை. மரியாதைக்குக் கேட்டேன்," என்றார் அப்பா. "கல்யாணமாகிப் போன பொண்ணு பொறந்தாத்து விஷயத்துல தலையிடப்படாது."

நான் எழுந்து பஸ் பிடித்து அடையாறில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வரி இல்லாமலே பத்திரம் பதிவாயிற்று. வீட்டை இடித்தார்கள். கட்டி முடிக்கிறவரைதான் என்று சொல்லி அப்பாவையும் அம்மாவையும் மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு வைத்துவிட்டு அண்ணா அமெரிக்கா போனான். கட்டி முடிந்தது. அவன் பங்குக்கு வந்த ஃப்ளாட்டுகளை ஏதோ கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டான். பெற்றவர்களுக்கு ஒரு சாவிகூட வரவில்லை.

நான் வக்கீல் மாமாவிடம் ஓடினேன். "பத்திரத்தைக் காட்டிக் கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லையேம்மா. வேணும்னா ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். உங்கப்பா ஒத்துப்பானா?" என்றார். பிள்ளை மேல் வழக்குப் போடுவதற்குப் பதில் சமுத்திரத்தில் விழலாம் என்றார் அப்பா. கொஞ்ச நாளில் அவருக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்தது. இரண்டு பேரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எங்களுக்கே போதாத வீடு அது. அவருடைய பென்ஷனை மருந்தும் பிசியோதெரபியும் பகலில் வரும் ஆயாவின் சம்பளமும் விழுங்கின. யாராவது பார்க்க வந்தால், "சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று குழறுவார். அந்த ரெண்டு நாள் வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா போன் செய்தான். ஒரு ஃப்ளாட்டின் வாடகையையாவது அப்பா அம்மாவுக்கு விடு என்று கேட்டேன்.

"அப்பா கேட்கட்டும், உடனே அனுப்பறேன். நடுவுல நீ யாரு?"

அப்பா கேட்கமாட்டார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் ரிசீவரை அப்பாவின் காதில் வைத்து, "கேளுங்கோ," என்றேன்.

பாதி வாயால் சிரித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "நன்னா இருக்கேன்டா. ஒண்ணும் வேண்டாம்."

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். "உங்கப்பாவுக்கு வேண்டாமாம். எனக்கு வேணும். வாடகையை என் பேருக்கு அனுப்பு. முடியாதுன்னா சொல்லிடு. அந்தக் கட்டடத்து வாசல்ல போய் உக்காந்துக்கறேன். போறவா வரவாகிட்டல்லாம் நான் யாரோட அம்மான்னு சொல்றேன்."

அடுத்த மாதமே பணம் வந்தது.

அது வந்துவிட்டது என்று தெரிந்த அன்று மத்தியானம் அப்பா சாப்பிட மறுத்தார். ஆயா ஸ்பூனோடு நின்றுகொண்டு, "பெரியவரு வாயே தொறக்க மாட்டேன்றாரும்மா, இன்னா பண்றது?" என்றாள்.

"பிள்ளைகிட்ட பிச்சை எடுத்துட்டே," என்றார் அப்பா அம்மாவைப் பார்த்து. இந்த மூன்று வார்த்தையையும் அவர் குழறாமல் சொன்னார்.

அம்மா ஆயாவிடமிருந்து தட்டை வாங்கினாள். ஊட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ரசஞ்சாதத்தைத் தானே சாப்பிட ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இன்னும் சாதம் இருக்கு," என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "வேணும்னா வாயைத் தொறந்து கேளுங்கோ."