பந்தலில் போட்ட பாட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டல், லாரி, கல்யாண மண்டபம் என்று சுற்றியதில் பெங்களூரில் மேடைக்கு ஸ்பீக்கர் தூக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் ஹெவி மெட்டல் கேட்டேன். கறுப்பு பனியன் போட்ட நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். என்ன கத்துகிறார்கள் என்று கூட வேலை பார்த்தவனிடம் கேட்டேன். சண்டைக்கு ஆள் அனுப்புகிற அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள் என்றான். இப்படியும் திட்டலாமா என்றிருந்தது. சில பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டேன். ஒரு வார்த்தை புரியாது. கோபம் மட்டும் புரியும்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பி விசைத்தறிக்கூடத்தில் சேர்ந்த வருடமே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வந்தது. தறி நின்ற தெருவில் அடுத்தவரிடம் பேசக்கூடக் கத்தினோம். தறிச் சத்தத்துக்கு நடுவே அப்படிப் பேசித்தான் பழக்கம். எல்லாருக்கும் ஒரே பயம். எங்கேயாவது முதல் தறி ஓடிவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக ஓடிவிடும்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். போராட்டப் பந்தலில் பாதி ஆள் இல்லை. பேசுகிறவர்களுக்கும் தொண்டை போயிருந்தது. மைக்செட்காரரிடம் என் போனை நீட்டினேன்.

"இதுவும் போராட்டப் பாட்டுதான் அண்ணாச்சி. போட்டுப் பாருங்க."

குழாய் ஸ்பீக்கர் அலறியது. படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"ஏலே, பாட்டா இது? தறிக்குள்ள கல்லை அள்ளிப் போட்டமாரில்லா இருக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"கோபமா பாடுதான் அண்ணாச்சி."

"அவன் தின்னுட்டுல்லா கோபப்படுதான். நமக்கு எங்கன தெம்பு?"

சிரித்தார்கள். அந்தப் பந்தலில் நான் கேட்ட முதல் சிரிப்பு. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.

இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. டிரம் மட்டும் தடதடவென்று போயிருக்கிறது. பந்தல் பக்கம் தறி ஓடுது என்று யாரோ சொல்ல, ஒரு கூடத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் பாட்டை நிறுத்திய பிறகும் தடதடப்பு நிற்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்னோம், அது பாட்டுதான், தறி இல்லை என்று. யாரும் தறியை நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று தெருவில் ஓடியது. மறுநாள் பந்தலைப் பிரித்தார்கள். பழைய கூலிதான்.

என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சில நாள் கழித்து, முதலில் சுவிட்சைப் போட்டவரை டீக்கடையில் பார்த்தேன்.

"என் பாட்டாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்றேன்.

"போலே. முப்பது வருசமா தறி ஓட்டுதேன். தறிச் சத்தம் எது, கொட்டுச் சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" கையிலிருந்த டம்ளரையே பார்த்தார். "வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல். எவனாவது ஒருத்தன் ஓட்டமாட்டானான்னு காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன்."

அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். வருவதற்குள், ஷிப்டுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டார்.