மத்தவங்க வெளியே நிக்கவும்

நர்சு வேலையில ஊசி போடக் கத்துக்கிறது லேசு. ஊசி போடும்போது பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்க சொல்ற யோசனையைக் கேட்டுட்டே கை நடுங்காம இருக்கக் கத்துக்கத்தான் வருஷக்கணக்காகும். "கொஞ்சம் மேல போடுங்க சிஸ்டர்", "எங்க ஊர் ஆஸ்பத்திரியில இடது கையிலதான் போடுவாங்க சிஸ்டர்." அடப்பாவிகளா, நான் உங்க கடைக்கு வந்து தராசைப் பிடிக்கிறேனா? நீங்க எந்த வேலை பார்த்தாலும் சரி, உங்க வேலையை உங்களுக்கே சொல்லித் தர ஒருத்தர் வந்திருப்பாரு. அதனால நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

எங்கப்பா முனிசிபாலிட்டியில வேலை பார்த்தவர். நான் பிறந்தது, படிச்சது, கட்டிக்கிட்டது எல்லாம் கொச்சியில மட்டாஞ்சேரி. தொண்ணூறுகள்ல இங்கேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில நர்சா சேர்ந்தேன். வார்டுல யோசனை சொல்றவங்ககிட்ட இருந்து தப்பிக்கவே வழியில்ல. கம்ப்யூட்டர் வந்ததும், "ஆகா, தப்பிச்சோம்"னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன்.

பட்டாளத்துக்காரர் விரிச்ச படுக்கை

என்கூட வார்டுல இருந்த லீலாம்மா சேச்சி வளைகுடாவுக்குப் போனாங்க. அங்கிருந்து இன்டர்நெட்ல ஒரு குழு ஆரம்பிச்சாங்க. வார்டுல பழம் தின்னு கொட்டை போட்ட நர்சுகளுக்கு மட்டும், மத்தவங்க வெளியே நிக்கவும்னு வாசல்லயே நான் எழுதி வச்சேன். குழுவைப் பார்த்துக்கிற பொறுப்பு சேச்சிக்கும் எனக்கும். எழுதுறது பாதி இங்கிலீஷ், பாதி இங்கிலீஷ் எழுத்துல மலையாளம். இங்க உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

முதல் வாரம் ஒரு சிஸ்டர், நாள்பட்டுப் படுக்கையில இருக்கிறவங்களுக்கு முதுகுப் புண் வராம எப்படிப் பார்த்துக்கிறீங்கன்னு கேட்டா. நல்ல கேள்வி. நாலு பேரு அனுபவத்தைச் சொன்னோம். அஞ்சாவதா ஒருத்தர் வந்தாரு. பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கினவராம். படுக்கை விரிப்பை எப்படி மடிக்கணும், ஓரம் எந்தக் கோணத்துல நிக்கணும்னு ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருந்தாரு. நோயாளியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. "சார், படுக்கையில ஆள் இருப்பாங்களே, அவங்களை என்ன பண்றது?"ன்னு லீலாம்மா சேச்சி மரியாதையாத்தான் கேட்டாங்க. பதில் சுடச்சுட வந்துச்சு:

"விரிப்பு மடிக்கிற வரைக்கும் அவரை எழுந்து நிக்கச் சொல்லுங்க."

வாசல்ல ஒரு கேள்வி

அதுக்கப்புறம் நாள் தவறாம இதே கூத்து. மருந்துக் கம்பெனிக்காரர் வந்தாரு. பொண்ணு தேடுற அண்ணன் ஒருத்தர், "வெளிநாட்டுல இருக்கிற, கல்யாணம் ஆகாத சிஸ்டர்கள் மட்டும் கை தூக்கவும்"னு எழுதினாரு. எனக்கு வந்துச்சே கோவம்! சேச்சிகிட்ட, வாசலுக்கு ஒரு பூட்டுப் போடணும்னு சொன்னேன். யோசிச்சு ஒரு கேள்வி வச்சோம். "டியூட்டி அமைதியாப் போயிட்டிருக்கு. பக்கத்து வார்டு சிஸ்டர் எட்டிப் பார்த்து, எப்படி இருக்குன்னு கேட்கிறா. என்ன சொல்லுவீங்க?"

நர்சுக்கு இது கேள்வியே இல்ல. வார்டு அமைதியா இருக்குன்னு வாயால சொல்லவே கூடாது. சொன்னா போச்சு. வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்கும், ஒரே நேரத்துல மூணு பேருக்கு மூச்சு வாங்கும். படிச்சவ, படிக்காதவ, கோயிலுக்குப் போறவ, போகாதவ, எல்லா நர்சும் இதுக்குப் பயப்படுவா. வெளியாளுங்களோ, "தெய்வாதீனம், எல்லாம் நிம்மதியா இருக்கு சிஸ்டர்"னு பக்தியோட எழுதி வரிசையா மாட்டுவாங்க. எங்க ஆளுன்னா முதல் வரியிலயே தெரிஞ்சிடும். கோட்டயத்துல இருந்து வந்த ஒரு சிஸ்டரோட பதிலைப் பார்த்து அப்பவே கதவைத் திறந்துட்டேன்:

"வாயை மூடிக்கிட்டுப் போடீ!"

பெரிய எழுத்துக்காரர்

இப்ப என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். பேரு சங்கரன். கொச்சங்காடியில ஒரு மலைச்சரக்கு கோடவுன்ல குமாஸ்தா. மிளகு, சுக்குன்னு நாள் முழுக்க பில் அடிக்கிறவரு. எனக்கு அப்போ ஒரு விரலால தேடித் தேடித்தான் டைப் பண்ண வரும். அதனால சாயங்காலம் கோடவுனுக்கு எதிர்ல இருக்கிற இன்டர்நெட் கடைக்கு ரெண்டு பேரும் போவோம். நான் சாயா குடிச்சுக்கிட்டே சொல்லுவேன், அவரு அடிப்பாரு. என் பாஸ்வேர்டு எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது.

ஒரே ஒரு கோளாறு. பில் எல்லாம் கேப்பிடல் எழுத்துல அடிச்சுப் பழகின கை. சின்ன எழுத்துன்னு ஒண்ணு இருக்கிறதையே அவரு ஒத்துக்கமாட்டாரு. போதாக்குறைக்கு நான் சொல்றதுக்கு நடுவுல, "சுக்குத் தண்ணி கொடுத்துப் பார்க்கலாம்"னு சொந்தச் சரக்கையும் சேர்த்துடுவாரு. "நீங்க நர்சா? விரலை மட்டும் கொடுங்க, வாயைக் கொடுக்காதீங்க"ன்னு தலையில தட்டுவேன். எழுத்து முழுக்கப் பெரிசு பெரிசா இருந்தா இன்டர்நெட்ல அது கத்துற மாதிரியாம். எங்களுக்கு அது எங்க தெரியும்? ஒருநாள் கோட்டயத்து சிஸ்டர் லீலாம்மா சேச்சிகிட்ட அழாத குறையா கேட்டிருக்கா:

"செல்வி சிஸ்டர் எதுக்கு எப்பப் பார்த்தாலும் எங்களைத் திட்டுறாங்க?"

ட்ரேயில கிடந்த ஊசி

ஒரு மத்தியானம் லாரிக்காரப் பையன் ஒருத்தனைக் கை கிழிஞ்சு தூக்கிட்டு வந்தாங்க. புது டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, தையல் போட்டு முடிச்சு, ஊசியை ட்ரேயில பஞ்சுக்கு அடியில வச்சுட்டுப் போயிட்டாரு. நான் ட்ரேயை எடுத்தேன். சுருக்குன்னுச்சு. கையுறையைத் தாண்டி விரல்ல ரத்தம். ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஓடினேன், அந்தப் பையனோட ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுக்கணுமே. அதுக்குள்ள கூட வந்தவங்க அவனை லாரியில ஏத்திட்டுப் போயே போயிட்டாங்க. எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் உருப்படியாத் தெரியல.

பெரிய டாக்டர் அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சாரு. எய்ட்ஸ் கிருமி வராம இருக்க முன்கூட்டியே சாப்பிடுற மாத்திரை. அப்புறம் மாசக்கணக்குல விட்டு விட்டு ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன், தைரியமா இருங்கன்னு. ஆனா அன்னிக்கு பஸ்ல உட்கார்ந்து பள்ளுருத்தி வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒரே யோசனைதான். இவருகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா என்னைப் பார்க்கிற பார்வை மாறிட்டா? முதுகு வலின்னு சொல்லிப் பாயைத் தனியாப் போட்டேன். எய்ட்ஸ் டம்ளர்ல ஒட்டாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தவ, என் டம்ளரைத் தனியா எடுத்து வச்சேன். பயம் வந்தா படிப்பாவது மண்ணாவது.

மாத்திரை வேற குடலைப் பிரட்டுச்சு. காலையில பின்பக்கம் நின்னு வாந்தி எடுத்துட்டுத் திரும்பினா, பக்கத்து வீட்டு சுபைதா இத்தா மதில்மேல கையை ஊன்றிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு நாப்பது வயசு, மக பாலக்காட்டுல ஹாஸ்டல்ல படிக்கிறா. இத்தா குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க:

"என்ன மோளே, இந்த வயசுலயா விசேஷம்?"

பேர் இல்லாத சிஸ்டர்

யார்கிட்டயாவது கேட்கலேன்னா நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு. சொந்தப் பேர்ல கேட்க வெக்கம். இவரு வேலையில இருக்கிற நேரமாப் பார்த்து இன்டர்நெட் கடைக்குத் தனியாப் போனேன். புதுப் பேர் ஒண்ணு உண்டாக்கி, வாசல் கேள்விக்கு நானே பதில் எழுதி, நானே சரி பார்த்து, நானே என்னை உள்ள விட்டுக்கிட்டேன். சிரிக்காதீங்க, என் நிலைமை அப்படி. ஒரு விரலால தட்டித் தட்டி எழுதினேன்: "ஊசி குத்திடுச்சு. மாத்திரை சாப்பிடுறேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமா?"

மறுநாள் பார்த்தா, எங்க சிஸ்டர்கள் பொன்னாட்டம் எழுதியிருந்தாங்க. மாத்திரையை நடுவுல விட்டுடாதே, சாப்பிட்டுட்டுப் போடு, வாந்தி குறையும், எனக்கும் குத்திச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன். படிக்கப் படிக்கக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா வாசலைப் பூட்டி என்ன பிரயோஜனம், வீட்டுக்குள்ள இருக்கிறவங்களை எப்படிப் பூட்டுறது? ஒரு சிஸ்டரோட மாமியார் அவ பேர்ல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசச் சொல்லியிருந்தாங்க. அது போகட்டும், மனசு நல்ல மனசு. இன்னொரு சிஸ்டரோட மச்சினன், இன்சூரன்ஸ் ஏஜெண்டாம், அவ கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுட்டு அந்தப் பக்கம் போனதும் உட்கார்ந்து எழுதியிருக்கான். அதை அழிக்க எனக்கு அதிகாரம் இருந்துச்சு, அழிச்சேன். மனசுல இருந்து அழிக்க முடியல:

"சொல்லாதீங்க சிஸ்டர், நான் உங்க புருஷனா இருந்தா அன்னிக்கே அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

கத்திச் சொன்ன கருத்து

ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பவும் போனேன். கடைசியா ஒரு பதில். முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து.

"சிஸ்டர், நான் நர்சு இல்லை. வாசல் கேள்விக்கு விடை தெரிஞ்சதால உள்ளே வந்துட்டேன், பொறுத்துக்கணும். நீங்க பாயைத் தனியாப் போட்டது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். டம்ளர் தனியா இருக்கிறதும் தெரியும். காரணம் தெரியாம, தன்மேல என்ன கோவமோன்னு அவர்தான் தூங்காமக் கிடந்திருப்பார். சொல்லிடுங்க. நோய் வந்தாலும் வராட்டியும் உங்க பக்கத்துல இருந்தாப் போதும் அவருக்கு. வாந்திக்குச் சுக்குத் தண்ணி குடிங்க."

நான் பாயைப் பத்தி எழுதவே இல்லையே! டம்ளரைப் பத்தியும் எழுதல. அப்புறம் சுக்கு. வேற யாரு? கடைன்னும் பார்க்காம முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல சினிமாப் படம் பார்த்துட்டிருந்த பையன் எழுந்து வேற கம்ப்யூட்டருக்குப் போயிட்டான். அந்த நேரம் லீலாம்மா சேச்சியோட குறிப்பு ஒண்ணு வந்துச்சு. பதில் சரியா இருந்ததால அவங்கதான் உள்ள விட்டிருக்காங்க, பாவம், குத்தின விரல் யாருதுன்னு அவங்களுக்கும் தெரியாது:

"செல்வி, இந்த மனுஷன் நர்சு இல்லேன்னு அவரே சொல்றாரு, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளட்டா?"

வீட்டுல

வேண்டாம் சேச்சின்னு எழுதிட்டு வீட்டுக்கு ஓடினேன். இவரு அடுப்புல தண்ணி வச்சு சுக்கு தட்டிக்கிட்டிருந்தாரு. நான் வாசல்ல நின்னு, "ஊசி குத்திடுச்சுங்க"ன்னேன். அவரு சுக்குத் தட்டின கையைத் துடைச்சுட்டு என் விரலைப் பிடிச்சுப் பார்த்தாரு. அதுல என்ன இருக்கும், எப்பவோ ஆறிப்போச்சு.

எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். பொழுதுபோகாம என் பாஸ்வேர்டை வச்சு குழுவைப் பார்த்திருக்காரு. கேள்வியைப் படிச்சதும் பாய், டம்ளர், வாந்தி எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துடுச்சாம். "நேராவே கேட்டிருக்கலாமே, எதுக்கு அங்க போய் எழுதினீங்க?"ன்னு அழுதுக்கிட்டே சண்டைக்குப் போனேன். மனுஷன் நிதானமா டம்ளர் ஒண்ணே ஒண்ணு எடுத்து, சுக்குத் தண்ணியை ஊத்தி, முதல் வாய் தான் குடிச்சுட்டு என்கிட்ட நீட்டினாரு:

"நீ அங்கதானே கேட்ட, அதனால அங்க வந்து சொன்னேன்."

கடைசிப் பரிசோதனை

அதுக்கப்புறம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். கடைசித் தடவை, லேப்ல இருந்த பொண்ணு சீட்டை நீட்டும்போதே சிரிச்சுட்டா. ஒண்ணும் இல்ல! எய்ட்ஸும் இல்ல, மஞ்சக்காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பாடான்னு விட்ட மூச்சுல அவ மேஜையில இருந்த சீட்டெல்லாம் பறந்திருக்கும். படியிறங்கி வந்து எதிர்ல இருந்த சாயாக்கடை பெஞ்சுல தொப்புன்னு உட்கார்ந்தோம். ரெண்டு சாயா, ரெண்டு பழம்பொரி. அன்னிக்குத்தான் மாசக்கணக்குக்கு அப்புறம் எனக்கு நாக்குல ருசி தெரிஞ்சுது.

இவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அப்பாடா செல்வி, இனிமே எல்லாம் நிம்..."னு ஆரம்பிச்சாரு. பாய்ஞ்சு அவர் வாயைப் பொத்திட்டேன். பழம்பொரி எண்ணெய் அவர் மீசையெல்லாம். சாயாக்கடைச் சேட்டன் ஆத்துறதை நிறுத்திட்டு, "என்ன சேச்சி, நல்ல மனுஷனை எதுக்கு இப்படிப் பண்றீங்க?"ன்னு கேட்டாரு. என் விரலிடுக்கு வழியா இவருதான் பதில் சொன்னாரு:

"அதெல்லாம் நர்சுகளுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம், வெளியாளுங்க கருத்துச் சொல்லக் கூடாது."

மத்தவங்க வெளியே நிக்கணும்னு வாசல்ல எழுதி வச்சவளே நான்தான், ஆனா பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்திருக்கிற இந்த ஒரு வெளியாளை மட்டும் இன்னிக்கு வரைக்கும் என்னால வெளியே தள்ள முடியல.