வாப்பா சொன்ன இரண்டு நியாயம்

வாப்பா, நீங்கள் ஊருக்கு ஒரு நியாயமும் மகளுக்கு ஒரு நியாயமும் பேசியவர்.

இன்று மகளின் பள்ளி வேலைக்காகக் கறுப்பு மார்க்கரைத் திறந்தேன். அந்த நெடி என்னைத் தொண்ணூறுகளின் பர் துபாய்க்கு, உங்கள் புத்தகக் கடைக்கு இழுத்துப் போனது. புது அட்லஸ் வந்தால், அந்த நாட்டு அரசின் உத்தரவுப்படி, இஸ்ரேல் என்ற பெயரை மார்க்கரால் அழித்த பிறகுதான் விற்பீர்கள். மை தாளின் மறுபக்கம் வரை ஊறும். ஏசி ஓடினாலும் நெடி போகாது.

ஒரு நாள் நீங்கள் அப்படி அழித்துக்கொண்டிருந்தபோது கொச்சி மட்டாஞ்சேரிக்காரர் ஜோசப் சேட்டன் கடையில் இருந்தார். "எங்க தெரு யூதங்க எல்லாரும் அங்கதான் போனாங்க. அவங்க பாட்டன் பூட்டன்கூடப் பார்க்காத ஊரு. கிளம்பும்போது எங்களைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க" என்றார்.

"பார்க்காத ஊரு எப்படிச் சொந்தமாகும்? அங்கேயே பொறந்த பலஸ்தீன்காரன் எங்கே போவான்? பொறந்த மண்ணுதான் சேட்டா சொந்தம்" என்றீர்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். "அப்ப இங்கே பொறந்த எனக்கு துபாய்தானே வாப்பா?"

"போடி பைத்தியம். விசா முடிஞ்சா கெளம்பணும். நமக்குக் கீழக்கரைதான். நீ பார்க்காட்டி என்ன, அது ரத்தத்துல இருக்கு."

சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "இக்கா, அவங்களும் அதையேதான் சொன்னாங்க!"

நீங்கள் அடுத்த அட்லஸை எடுத்தீர்கள்.

பிறகு கல்யாணம் பேசி என்னைக் கீழக்கரைக்கு அனுப்பினீர்கள். இங்கே இன்றும் என் பெயர் துபாய்க்காரி.

விசா முடிந்து ஊர் திரும்பிய நீங்கள் வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் சொந்த மண்ணைப் பற்றிப் பேசப் போகிறீர்களாம். நானும் வருகிறேன். உங்கள் மகள் எந்த ஊர்க்காரி என்று மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்.