இறைச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தவர்

பாரிஸ் லா சப்பலில் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் யோகநாதன் அண்ணையின் முகத்தை மறுபடி கண்டேன். நான்கு வருடங்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தொழில் 'விவசாயத் துறை' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எடுத்த முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வன்னியில் கால்நடை அலுவலராக இருந்தவர் அவர். 2009இல் எல்லாம் முடிந்தபின் இங்கு வந்து சேர்ந்தார். நானும் விவசாயம் படித்தவன். பாரிஸ் எங்கள் இருவருக்கும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையைக் கொடுத்தது.

அங்கே மாட்டிறைச்சி கொண்டுவரும் நோர்மண்டிப் பண்ணைக்காரர் ஒருநாள், தீவனச் செலவால் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று புலம்பினார். அண்ணை ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மாடு ஒரே நிலத்திலை எவ்வளவு நாள் நிக்குது எண்டு கேள்."

கோடை முழுவதும் என்றார் பண்ணைக்காரர்.

"அப்ப புல் எப்பிடி வளரும்? நிலத்தைத் துண்டு துண்டாப் பிரிக்கச் சொல்லு. மூண்டு நாளைக்கொருக்கா மாட்டை மாத்தட்டும். புல் கணுக்காலளவு இருக்கேக்கையே வெளியிலை எடுக்கட்டும். மொட்டையா மேயவிட்டால் வேர் செத்துப்போம்."

மொழிபெயர்த்தவன் நான், பண்ணைக்கு அழைக்கப்பட்டவர் அவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் மின்கம்பியால் நிலத்தைப் பிரித்தார். மேய்ந்த துண்டுகள் வாரக்கணக்கில் ஓய்வெடுத்தன. மூன்றாம் வருடம் பண்ணைக்காரர் தீவனம் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். மாடுகள் புல்லிலேயே கொழுத்தன. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் அண்ணையைத் தேடி வந்தார்கள். கன்றைக்கூட அவர் கயிற்றில் கட்டியதில்லையாம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசியா ஓடேக்கை மாடுகளை அவிழ்க்க மறந்திட்டன், தம்பி. செல் குண்டு விழ விழக் கட்டினபடியே நிண்டு கத்திச்சுதுகள். இப்பவும் படுத்தால் கேக்குது."

இதைக் கேட்ட பிறகும், தேநீர்க் கடையில் பத்துப் பேர் முன்னால், "வாங்கோ கசாப்புக்கடை ஐயா! கோயிலுக்குப் போறதெண்டால் கையைக் கழுவிப்போட்டுப் போங்கோ," என்று பகிடி விட்டவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்க அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா, புறநகர் சார்செலில் இருந்த வீட்டுக்கு அழைத்தார். கணவரின் படத்தடியில் விளக்கு எரிந்தது.

"இறைச்சி மாடு எண்டு எழுதிப்போடாதேங்கோ, தம்பி. பால் மாடு எண்டு போடுங்கோ. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுறம். மலர் எல்லா வீட்டுக்கும் போகும்."

ஓம் என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

மறுநாள் மகள் துளசி, தகப்பனின் உடுப்புகளை எடுத்துவரப் பண்ணைக்குக் காரில் என்னையும் கூட்டிச் சென்றாள். அண்ணை வரச்சொல்லி எத்தனையோ முறை கேட்டும் நான் போகாத இடம் அது. மேய்ந்து தீர்ந்த துண்டில் மாடுகள் நின்று கத்திக்கொண்டிருந்தன. எந்தத் துண்டு அடுத்தது என்று பண்ணைக்காரருக்குத் தெரியவில்லை. கணக்கு முழுவதும் அண்ணையின் தலைக்குள் இருந்தது. நான் ஒவ்வொரு துண்டாகக் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அண்ணை உயிர் பிரிந்து விழுந்து கிடந்த இடத்தைத் துளசி காட்டினாள். அங்கே புல் இன்னும் நிமிரவில்லை.

"மாமா, அப்பா ஒருநாளும் பால் கறக்கேல்லை. நீங்கள் எழுதினது அப்பா இல்லை, வேறை ஆரோ."

"அம்மா?"

"அம்மாவோடை நான் கதைக்கிறன். மாட்டுக்குப் பயந்து ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்."

ஆகவே இரண்டாம் முறையாக எழுதுகிறேன். யோகநாதன் அண்ணை இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளுக்குப் புல் வளர்த்தார். எங்களில் எவரும் செய்யாததைச் செய்தார். கூசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மலரை அலுமாரியில் வைக்கலாம்.

அன்று பண்ணையில், புல் நன்றாக வளர்ந்திருந்த கீழ்ப்பக்கத் துண்டைத் தேர்ந்து நான்தான் கம்பியைக் கழற்றினேன். மாடுகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்துபோய்த் தலை குனிந்தன. பிறகு அந்த நிலத்தில் புல் அறுபடும் ஓசை மட்டுமே இருந்தது.

போய் வாருங்கள், அண்ணை.