பல்லுக்காரி எழுதிய உயில்

பல் லேபில் பதினான்கு வருடமாகப் பொய்ப்பல் செட் செய்கிறவள் என்பதால் அவளுக்குப் பல்லுக்காரி என்றே பேராகிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பத்து வயதில் ஒரு மகள். ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, கையில் கட்டோடு படுத்துக்கிடந்தபோதுதான் தானும் சாகக்கூடியவள் என்பது அவளுக்கு உறைத்தது.

கட்டுப் பிரித்ததும் வக்கீலிடம் போனாள். வீட்டை மகள் பேருக்கு எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வக்கீல் பேனாவை மூடிவைத்து, பிள்ளை மேஜராகும்வரை யார் வளர்ப்பார்கள் என்று கேட்டார்.

சொந்தங்களை அளவெடுக்கக் கிளம்பினாள். அண்ணன் கண்கலங்கினான், அந்த ஈரம் காய்வதற்குள் வீட்டுக்கு எத்தனை ரூம் என்று விசாரித்தான். தங்கை, நல்ல ஹாஸ்டலாகப் பார்த்துச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தாள். கடைசியில் மகளிடமே கேட்டாள். அவள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல், "அத்தை" என்றாள்.

அத்தை என்றால் செத்தவனின் அக்கா, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். சாவு வீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு பல்லுக்காரியும் அவளும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஞாயிறுதோறும் பிள்ளையை அவள் வீட்டுக் கேட்டில் விட்டு, கேட்டில் கூட்டி வருவதோடு சரி.

போனாள். நாத்தனார் ஒரு வழுக்கைத்தலைக்காரருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பல்லுக்காரி பின்சீட்டில் ஏறி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கார் மூன்று முறை நின்றுபோனது.

"உன்ன எனக்குப் பிடிக்காது. தெரியும்ல?" என்றாள் நாத்தனார்.

"தெரியும் அண்ணி. எனக்கும் உங்களப் பிடிக்காது."

"அப்ப சரி. வீட்டப் பாத்துக்க வேற ஆளப் போடு, அந்தத் தலைவலி எனக்கு வேணாம். பிள்ளைய மட்டும் என் பொறுப்புல எழுது. ஆனா அவசரப்பட்டுச் செத்துகித்துத் தொலைக்காத. முட்டி வலியோட ஸ்கூல் வாசல்ல என்னால நிக்க முடியாது."

வழுக்கைத்தலைக்காரர் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை.

லேப் சூப்பர்வைசரை வீட்டுக்குப் பொறுப்பாக்கி, மறுவாரம் கையெழுத்துப் போட்டார்கள். நாத்தனார் உயிலை வரிவரியாகப் படித்து இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தாள். விஷயம் தெரிந்து அண்ணன் ஒரு மாதம் போன் பண்ணவில்லை. பல்லுக்காரிக்கு அந்த மாதம் சுகமாகவே போனது.