நிழலுக்கும் ஒரு வளையம்

இரும்புத் தோசைக்கல்லின் காதில் கயிறு கட்டி, அதை நடுரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார் தேன்மொழி. பொழுது இப்போதுதான் வெளுத்திருக்கிறது. திருப்பதியில் மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் பெரிய சாலையில் பக்தர்களின் பஸ்கள் ஒன்றிரண்டுதான் தென்படுகின்றன. கல் தாரின் மேல் கரகரவென்று உராய்ந்துகொண்டே வருகிறது. சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, ஓரத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கிறார். பெட்டிக்குள் பொட்டளவு சிவப்பு விளக்கு எரிந்தால் தலையாட்டிக்கொள்வார். எரியாவிட்டால் கல்லைத் தள்ளி வைத்து மறுபடியும் இழுப்பார்.

காலை நடைக்கு வருகிறவர்கள் இவரை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். திருப்பதியில் வேண்டுதல் என்று என்னென்னவோ செய்கிறார்கள், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்து ஒருவர் கும்பிட்டுவிட்டே போனாராம். தேன்மொழி அவரைத் திருத்தவில்லை. "கும்புடட்டும் சார், இன்னா இப்போ? நம்ம வேலைக்கும் சாமி தொணை வேணுமில்ல" என்கிறார்.

அந்த வேலை இதுதான். சிக்னலில் வண்டி வந்து நிற்கிறதா என்று சாலைக்கு அடியிலிருந்து பார்க்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தாரில் ரம்பத்தால் கோடு அறுத்து, அதற்குள் செம்புக் கம்பியைச் சில சுற்று சுற்றிப் பதித்து, மேலே மூடிவிடுகிறார்கள். அதன் மேல் இரும்பு வந்து நின்றால் கம்பிக்குத் தெரியும். கம்பி பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அந்தத் தெருவுக்குப் பச்சை விளக்கு கொடுக்கும். லூப் என்பார்கள், வளையம் என்று வைத்துக்கொள்ளலாம். வளையம் கெட்டுப்போனால் பிடுங்கிவிட்டுப் புதிது போடுகிறவர் தேன்மொழி. சோதித்துப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு வண்டியைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது என்பதால் வீட்டுத் தோசைக்கல்லைக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் இப்போது இட்லிதான்.

அவருக்குச் சொந்த ஊர் நகரிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சித்தூரில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பு பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும். அவருடைய நைனா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து வேர்க்கடலை போடுகிறார். ஸ்ரீசிட்டியில் ஒரு பேக்டரியில் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் தேன்மொழி இந்த வேலைக்கு வந்தார். அங்கே என்ன குறை என்று கேட்டேன். "ஒரு கொறையும் இல்ல சார். ஏசிக்குள்ள உக்காந்துக்கினு சின்னச் சின்ன பார்ட்டா ஒட்டிக்கினு இருந்தேன். அது எங்க போச்சு, யாருக்கு ஆச்சு, ஒண்ணும் தெரியாது. இங்க நான் ஒட்டுனா எதிர்லயே லைட்டு எரியுது" என்றார்.

திருப்பதியில் அண்ணன் சீனு வீட்டில் தங்கியிருக்கிறார். சீனு ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பாடு பெரும்பாலும் நின்றபடியே. டப்பாவைத் திறந்து இரண்டு வாய் அள்ளிப் போடுவதற்குள் எங்காவது ஹாரன் கேட்டால், மூடி வைத்துவிட்டு எழுந்து பார்ப்பார். மனிதர்களின் முகத்தைவிட அவர்களுடைய வண்டிகள்தான் இவருக்கு நினைவில் நிற்கும். ஒருநாள் காய்கறிக் கடையில் நான் எதிரில் நின்று வணக்கம் சொல்லியும் அடையாளம் தெரியாமல் விழித்தார். வெளியே என் பழைய ஸ்கூட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சார், நீங்களா" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

எங்கள் தெரு அந்தப் பெரிய சாலையில் போய்ச் சேரும் முனைதான் தேன்மொழியின் பொறுப்பில் தனியாக விடப்பட்ட முதல் சிக்னல். அதுவரை வேறொருவருக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தார். யாரோ குழாய் பதிக்கத் தோண்டியதில் எங்கள் வளையம் அறுந்துபோயிருந்தது. பெரிய சாலைக்குப் பச்சை எரிந்துகொண்டே இருக்கும், எங்களுக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். முனையில் நிற்கும் ஏட்டு கிருஷ்ணப்பா இரக்கப்பட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கை சுவிட்சை அமுக்கினால்தான் எங்களுக்கு விடுதலை. அவர் டீ குடிக்கப் போனால் தெருவே நிற்கும்.

தேன்மொழி வந்தார். ரம்பம் போட்டார், புதுக் கம்பி பதித்தார், தோசைக்கல்லை இழுத்தார், விளக்கு எரிந்தது. கிருஷ்ணப்பா நிம்மதியாக டீக்கடைக்குப் போனார். வெயில் ஏறியதும் தெருவிலிருந்து ஹாரன் கிளம்பியது. வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு அவர் ஓடிவர வேண்டியதாயிற்று.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆட்டோ ஒன்று வந்து நின்றால் எங்கள் தெருவுக்கு உடனே பச்சை விழும். பைக்கும் ஸ்கூட்டரும் மட்டும் என்றால் விழவே விழாது. காலையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். தேன்மொழி கம்பியின் மேல் சந்தேகப்பட்டு, போட்ட வளையத்தைப் பிடுங்கிவிட்டு இன்னொன்று போட்டார். அதுவும் காலையில் நல்ல பிள்ளை, மத்தியானம் பழைய கதை.

எங்கள் தெருக்காரர்களின் மூளை சும்மா இருக்குமா? சிக்னல் பார்க்கிற பெண்ணின் அண்ணன் ஆட்டோக்காரர் என்று எவரோ கண்டுபிடித்தார். ஆட்டோவை மட்டும் பார்க்கிற மாதிரி அவள் செட்டிங் செய்து வைத்திருக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. இஸ்திரிக் கடைக்காரர் பிரபாகர் அவரிடம் நேராகவே கேட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தேன்மொழி சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அங்க சிரிச்சேன் சார். ஊட்டுக்குப் போய் அழுதேன். வேலை தெரியலன்னு சொல்லட்டும், கத்துக்கினு வரேன். திருட்டுத்தனம்னு சொன்னா நான் எங்க போயி இன்னாத்தக் கத்துக்கிறது?"

இந்தச் சமயத்தில் கிருஷ்ணப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். மேலே இருக்கிறவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். இன்னும் ஒரு முறை பழுது பார்க்கலாம். அதற்குப் பிறகும் கை சுவிட்சைத்தான் நம்பவேண்டும் என்றால், தெரு முனையில் சிமெண்ட் கட்டைகளை வைத்து அடைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அடைத்துவிட்டால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும். கிருஷ்ணப்பா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் இதைச் சொல்லிவிட்டு, தனக்கும் வருத்தம்தான் என்றார். கட்டை வைத்துவிட்டால் தேன்மொழியின் பெயரும் அந்தக் கட்டையோடு சேர்ந்து அங்கேயே நிற்கும். அது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

மறுபடி ரம்பத்தைத் தூக்குவதற்கு முன்னால், மத்தியானத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க நினைத்தார் தேன்மொழி. வேலைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரையும் போலத் தன் ஸ்கூட்டரில் எங்கள் தெரு வழியாக வந்தார். சிவப்பு எரிந்தது. பிரேக் பிடித்து நின்றார். பக்கத்திலும் பின்னாலும் பைக்குகள் வந்து நின்றன. முன்னால் பார்த்தால், நிற்க வேண்டிய கோடு ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால் வெயிலில் காலியாகக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே தூங்குமூஞ்சி மரம்.

விஷயம் அவ்வளவுதான். சித்திரை வெயிலில் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று மண்டையைக் காயவைக்க இங்கே யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. முதல் பைக் நிழலில் நிற்கும், அதற்குப் பின்னால் வருகிற எல்லாம் நிழலுக்குள்ளேயே நெருக்கிக்கொள்ளும். ஆட்டோவுக்குத்தான் கூரை இருக்கிறதே, அது நேராகக் கோட்டுக்குப் போய் வளையத்தின் மேல் நிற்கும். காலையில் வெயில் இல்லாததால் எல்லோருமே கோட்டுக்குப் போவார்கள். தேன்மொழி சோதித்ததெல்லாம் காலையில்தான், ஏனென்றால் கூட்டம் கிளம்பிய பிறகு சாலையை மறிக்க போலீஸ் விடாது.

"நானே அங்கதான் நின்னுக்கினு இருந்தேன் சார். என் காலு என்னைக் கேக்கவே இல்ல, தானா பிரேக்கைப் புடிச்சிடுச்சு. லூப்பு மேல தப்பே இல்ல. நல்லா இருக்கிறதப் புடுங்கிப் போட்டுட்டேன் நான்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். இந்த முறை நிஜமான சிரிப்பு.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் சொல்ல ஆள் வந்துவிட்டது. கிளையை வெட்டிவிட்டால் எல்லோரும் கோட்டுக்கு வந்துவிடுவார்கள், கம்பி செலவும் மிச்சம் என்று மேலிடத்தில் யாரோ சொன்னார்களாம். சொன்னதைச் சொல்ல வந்த கிருஷ்ணப்பாவிடம் தேன்மொழி கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். குரல் உயரவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. "அண்ணா, ஜனங்க நிக்கிற எடத்துக்கு நாமதான் போவணும். லைட்டுக்கோசரம் மரத்தை வெட்டுவாங்களா? நான் நிழல்லயே லூப்பு போடறேன், மேல சொல்லுங்க" என்றார். கிருஷ்ணப்பா மரத்தைப் பார்த்தார். அவரும் நாளெல்லாம் அதன் கீழே ஒதுங்குகிறவர்தான். சொல்வதாகச் சொன்னார்.

சிக்னல் கம்பெனி இன்ஜினியரின் வரைபடத்தில் நிழலுக்கு இடம் இல்லை. தேன்மொழி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்: முன்னால் காலிக் கோடு, பின்னால் மரத்தடியில் ஒரு திருவிழாக் கூட்டம். இன்ஜினியர் போனில் சிரித்துவிட்டு, தானும் சித்தூரில் அப்படித்தான் நிற்பதாகவும், பழைய வளையம் இருக்கட்டும், இதையும் சேர்த்துப் போடும்படியும் சொன்னார்.

ஆனால் நிழல் ஓரிடத்தில் நிற்கும் ஆள் இல்லை. தேன்மொழி ஒரு டப்பா கோலமாவுடன் வந்து, வண்டிகள் ஓயும் நேரமாகப் பார்த்து நிழலின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முற்பகலில் ஒரு கோடு, உச்சியில் ஒன்று, வெயில் சாயும்போது ஒன்று. மாடி வீட்டு சுந்தரம்மா கோலமாவைப் பார்த்து இறங்கிவந்து, சாமி ஊர்வலம் எந்தப் பக்கமாக வருகிறது, முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார். எல்லாக் கோடுகளும் சேர்ந்த அளவுக்கு நீளமாக ஒரு வளையத்தை மறுநாள் விடியற்காலையில் அறுத்துப் பதித்தார்கள். தோசைக்கல் இழுத்தாயிற்று, விளக்கும் எரிந்தது. தேன்மொழி தலையாட்டவில்லை. காலையில் எரிவதைப் பார்த்து இரண்டு முறை ஏமாந்தவர் அல்லவா?

உச்சி வெயிலில் உண்மையான சோதனை. தெருவில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றேன். ஆட்டோ வந்தால் முன்வளையம் பச்சை வாங்கிவிடும், புதியது வேலை செய்ததா என்பது தெரியாமல் போய்விடும். அதனால் தெருவின் உள்ளே சீனு தன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, மற்ற ஆட்டோக்களை மறித்துக்கொண்டிருந்தார். தங்கைக்காக அவர் வாங்கிய திட்டு இங்கே வரைக்கும் கேட்டது.

பால்காரர் வந்தார், நிழலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டரில் புருஷன் பெண்டாட்டி, நடுவில் துண்டு போர்த்திய குழந்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். பிறகு பிரபாகர், துணி மூட்டையோடு தன் மொபெட்டில். கோடு காலியாகக் கிடந்தது. பெரிய சாலையில் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. பால்காரர் ஹாரன் அடித்தார். பிரபாகரும் அடித்தார்.

இத்தனை மாதப் பழக்கம், கிருஷ்ணப்பாவின் கை தானாகப் பெட்டிக்குள் சுவிட்சை நோக்கிப் போனது. தேன்மொழி அவருக்கு முன்னால் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடினார். பெட்டியின் இரும்பெல்லாம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்றார். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்தச் சிவப்பின் மேல்தான். இன்னொரு பஸ் போனது. குழந்தை அழ ஆரம்பித்தது.

பெரிய சாலைக்கு மஞ்சள் விழுந்தது, பிறகு சிவப்பு. எங்களுக்குப் பச்சை.

பால்காரர் கிளம்பினார். குழந்தையோடு ஸ்கூட்டர் போயிற்று. பிரபாகர் போகிற போக்கில் தேன்மொழியைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து சீனு கூவியது கேட்டது. தெரு காலியாகி, விளக்கு மறுபடி சிவப்பானது.

"கை எடும்மா, சுடுதில்ல?" என்றார் கிருஷ்ணப்பா.

தேன்மொழி எடுக்கவில்லை. நிழலில் அடுத்த பைக் வந்து நின்றிருந்தது.